பட்டுப் புடவைக்கு ஐஸ் பெட்டி

“ஒரு ராத்திரி வெளியூர்ல தங்கறதுக்கு மூட்டை கட்டத் தெரியாத குடும்பம். இதுல இவ ரெண்டு வருசம் ஹாஸ்டல்ல தங்கப் போறாளாம்!”

அத்தை இதை என்னிடம் சொல்லவில்லை. நண்டுக் குழம்பில் கையை வைத்துக்கொண்டு நைனாவிடம் சொன்னாள். நைனாவின் அக்கா அவள். நைனாவிடம் எதையும் எந்த நேரத்திலும் சொல்லும் உரிமை அவளுக்கு உண்டு. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபத்துக்குக் காரணம், அத்தை சொன்னதில் முதல் பாதி முழு உண்மை.

எங்கள் வீட்டில் பை என்று ஒன்று கிடையாது. ஏரியில் இறங்கினால் அன்றே கரையேறுகிற ஜனங்கள் நாங்கள். கல்யாணமோ சாவோ, போனால் கடைசிப் பஸ்ஸில் திரும்பிவிடுவோம். பழவேற்காட்டை விட்டு ஒரு ராத்திரி வெளியே படுத்தவர்கள் என்று எண்ணினால், ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள்தான் தேறுவார்கள். வீட்டிலிருந்த ஒரே பை என் காலேஜ் பை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். பொன்னேரிக்குத் தினம் பஸ்ஸில் போய்வந்து டிகிரி முடித்தேன். அந்தப் பையின் இரண்டு வாரும் அறுந்து, நைனா வலைக்கயிற்றால் முடிபோட்டுக் கொடுத்திருந்தார். பை கிழிந்தாலும் கிழியும், அந்த முடிச்சு அவிழாது.

இப்போது அண்ணனுக்குக் கல்யாணம். பெண் வீடு பாலாற்றங்கரையில் ஒரு ஊர். வெள்ளிக்கிழமை கிளம்பி, சனிக்கிழமை வரவேற்பு, ஞாயிறு காலை முகூர்த்தம், அன்று மாலை திரும்புவது என்று பேச்சு. நிச்சயதார்த்தம் சென்னையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் நடந்துவிட்டதால், அந்த ஊரை எங்களில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. எனக்கு மட்டும் அந்த ஊர்மேல் ஒரு கண் இருந்தது. அங்கே இருக்கும் பெண்கள் கல்லூரியில்தான் எனக்கு பி.எட். சீட் கிடைத்திருந்தது. அண்ணி வீட்டுக்குப் பக்கத்திலேயே காலேஜ், காலேஜுக்குள்ளேயே ஹாஸ்டல். இதைவிட நல்ல ஏற்பாட்டைச் சாமி நேரில் வந்தாலும் செய்து தர முடியாது என்று நைனாவிடம் வாதாடிக்கொண்டிருந்தேன்.

நைனா சோற்றை முழுசாகத் தின்று முடித்து, கை கழுவி, துண்டால் வாயைத் துடைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

“கல்யாணத்துக்கு மூட்டை கட்றது உன் பொறுப்பு. ஜனமும் சாமானும் ஒண்ணு கொறையாம, ஒண்ணு கெடாம அந்த ஊரு போய்ச் சேரட்டும். ஹாஸ்டல் பேச்சை அங்க வெச்சுக்கலாம்.”

“சேத்துட்டேன்னா?”

“சேத்துட்டு வந்து கேளு.”

எனக்கு இது போதும். அன்று ராத்திரியிலிருந்து என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை.

முதலில் அம்மாவை ஏரியிலிருந்து வெளியே இழுத்தேன். அம்மா இடுப்பளவு தண்ணீரில் தவழ்ந்து, சேற்றில் கையால் துழாவி இறால் பிடிப்பவள். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, பிடிக்கிற இறாலை அதற்குள் போட்டுக்கொண்டே போவாள். விரல் நுனியெல்லாம் முள் குத்திய தழும்பு. மாப்பிள்ளையின் அம்மா அந்தக் கையோடு சபையில் நிற்கக் கூடாது, ஒரு வாரம் லீவு என்று உத்தரவு போட்டேன். மருதாணி அரைத்து இரண்டு கையிலும் அப்பினேன். அம்மா முதல் நாள் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் நாள் கரையில் போய்ச் சும்மா நின்றுவிட்டு வந்தாள். மூன்றாம் நாள் அரிசிப் பானைக்குள் கையை விட்டுக் கண்ணை மூடித் துழாவிக்கொண்டிருந்தாள்.

“இன்னாம்மா பண்றே?”

“கை நமநமங்குதுடி.”

பிறகு புது வளையல் போட்டுவிட்டேன். தண்ணீரில் இறங்குகிறவளுக்குக் கண்ணாடி வளையல் ஏது? பழக்கமில்லாததால் அம்மா தூக்கத்தில் புரளும்போதெல்லாம் வீடே கலகலத்தது. அண்ணன் விழித்துக்கொண்டு, “யாரும்மா, பொண்ணு வூட்டுக்காரங்க இப்பவே வந்துட்டாங்களா?” என்றான்.

நைனா மூட்டை கட்டியதைப் பார்த்திருக்க வேண்டும். கனமானதெல்லாம் நடுவில், லேசானதெல்லாம் ஓரத்தில், எல்லாவற்றின் மேலும் பிளாஸ்டிக் தாள், அதன்மேல் குறுக்கும் நெடுக்கும் கயிறு. ஒரு தலையணையை அப்படிக் கட்டியிருந்தார்.

“நைனா, வேன்லதான் போறோம். வேன் கவுறாது, தண்ணி ஏறாது.”

“படகாவது கவுந்தா மெதக்கும். வேன் மெதக்குமா?”

தலையணை அப்படியே வந்தது.

அத்தை ஒரு குடம் தண்ணீரோடு வந்தாள். வழியில் குடிக்க என்று நினைத்தேன். இல்லையாம். அந்த ஊர்த் தண்ணீர் சப்பென்று இருக்குமாம், அதில் காப்பி போட்டால் இறங்காதாம், எங்கள் தண்ணீரில்தான் ஒரு உப்பு இருக்கிறதாம். குடத்தை வாசலிலேயே நிறுத்தி வைக்க எனக்கு அரை நாள் பிடித்தது.

இதெல்லாம் ஒரு பக்கம். பெரிய கேள்வி புடவைகள். முகூர்த்தக் கூறைப்புடவை எங்கள் பக்கம்தான் எடுக்க வேண்டும். அரக்கு நிறம், மாம்பழ மஞ்சளில் பார்டர். அதை எடுக்க நாங்கள் காஞ்சிபுரம் போய்வந்த கதையே தனி. அதோடு அம்மாவுக்கு, அத்தைக்கு, வேனில் வரும் அத்தனை பெண்களுக்கும் ஆளுக்கு ஒரு பட்டு. இவ்வளவு பட்டையும் எதில் வைப்பது? சாக்கில் வைத்தால் கசங்கும். டிரங்குப் பெட்டி ஒன்றுதான் இருந்தது, அதன் அடி துருப்பிடித்து ஓட்டை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இறால் அனுப்பும் தெர்மாகோல் பெட்டி! ஐஸ் கடையில் அடுக்கடுக்காகக் கிடக்கிறது. எடை கிடையாது, தண்ணீர் இறங்காது, எலி கடிக்காது, மூடி இறுக்கமாக உட்காரும். ஒரு பட்டு மடித்து வைத்தால் அளவெடுத்துச் செய்தது போல இருக்கும். நைனா ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்த்து, இப்படியும் அப்படியும் திருப்பி, “படிச்ச புத்தி” என்றார். எங்கள் வீட்டில் அந்த வார்த்தை திட்டாகவும் வரும், பாராட்டாகவும் வரும். அன்று பாராட்டாக வந்தது.

பெட்டிகளைச் சோப்புப் பொடி போட்டுக் கழுவினோம். புளி போட்டுத் தேய்த்தோம். எலுமிச்சம்பழம் தேய்த்தோம். டச்சுக் கல்லறை மதிலோரம் வெயில் நன்றாக விழும், அங்கே வரிசையாகக் கவிழ்த்து இரண்டு நாள் காயவைத்தோம். கல்லறை வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைப் போட்டோ எடுக்க வந்தவர்கள் எங்கள் பெட்டிகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். பிறகு நான் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தலையை விட்டு மோந்து பார்த்தேன். சோப்பு வாசனை. அம்மா மோந்தாள். “சுத்தமா இருக்குது” என்றாள். அத்தை மூன்று முறை மோந்தாள், குறை கண்டுபிடிக்கும் ஆசையோடு. அவளுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

எழுதினால் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. அதனால் பெட்டிக்குப் பெட்டி மார்க்கரால் ஒரு படம் வரைந்தேன். அம்மாவுக்கு இறால், சித்திக்கு நண்டு, கூறைப்புடவைப் பெட்டிக்கு ஒரு மயில். ஆளுக்கு ஒரு படம் என்பதால் மீன் வகை தீர்ந்துகொண்டே வந்து, அத்தைக்குக் கெளுத்தி அமைந்துவிட்டது.

“எனக்கு ஏன்டி கெளுத்தி?”

“சும்மாதான் அத்த. மீதி எல்லாம் குடுத்தாச்சு.”

“மீசை வெச்ச மீனு. என்னைப் பாத்தா மீசை ஞாபகம் வருதா?”

“இல்ல அத்த!”

“அவளுக்கு மட்டும் மயிலு.”

“அது கூறைப்பொடவ அத்த, ஆளில்ல.”

அத்தை மார்க்கரைப் பிடுங்கி, தன் கெளுத்தியின் மீசையைக் கறுப்பாக அடித்துவிட்டாள். இப்போது அது தாடி வைத்த கெளுத்தியாகிவிட்டது. அம்மா சிரித்த சிரிப்பில் வளையல் ஒன்று உடைந்தது.

வெள்ளிக்கிழமை காலை வேன் வந்தது. டிரைவர் பொன்னேரிப் பக்கத்து ஆள், விவசாயக் குடும்பம், நாற்பது வயதிருக்கும். நெற்றி நிறைய விபூதி. பெட்டிகள் ஏறுவதைப் பார்த்து, “பின்னால வெச்சிருங்கம்மா” என்று மட்டும் சொன்னார். சாமான் ஏறியது, ஜனம் ஏறியது. நைனா முன் சீட்டில், மாப்பிள்ளையான அண்ணன் அவர் பக்கத்தில், நாங்களெல்லாம் பின்னால். நான் படிக்கட்டில் நின்று தலை எண்ணினேன். யாரும் குறையவில்லை. ஒரு சாமான் கெடவில்லை. மனதுக்குள் ஹாஸ்டலில் பாதி ஏறிவிட்டேன்.

சென்னையிலிருந்து ரயிலில் வரும் சித்தியை ஏற்றிக்கொள்ள அனுப்பம்பட்டு ஸ்டேஷனுக்கு வேனை விட்டோம். சித்தி ஏறி உட்கார்ந்து, வேன் கிளம்பிக் கொஞ்ச தூரம் போயிருக்கும். வெயில் ஏறிவிட்டது. பெண்கள் பாட்டை ஆரம்பித்திருந்தார்கள். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து அக்கறையாகக் கேட்டார்.

“பாப்பா, மீனுக்கு ஐஸ் போதுமா? வெயில் ஏறுது. வழியில ஒரு எடத்துல ஐஸ் கெடைக்கும், நிறுத்தட்டா?”

“மீனா? எந்த மீன்ணா?”

“பின்னால பொட்டில கீதே.”

“அது மீனில்ல. பட்டுப் பொடவ.”

டிரைவர் வேனை மெதுவாக ஓரம் கட்டினார். திரும்பி எங்கள் எல்லோரையும் பார்த்தார். பாட்டு நின்றது.

“பட்டுப் பொடவயா?” என்றார். “ஆண்டவா!”

“மீன் நாத்தம் அடிக்குதாண்ணா?” என்று கேட்டேன்.

அவர் நல்ல மனிதர். யோசித்து, “நாத்தம்னு சொல்ல முடியாது” என்றார். “ஆனா பூனை பின்னாலயே வரும்.”

சித்தி அப்போதுதான் வாயைத் திறந்தாள். “ஏறினப்பவே அடிச்சுது. நம்ம ஜனம்தானே, எப்பவும் அடிக்கிறதுதானேன்னு உட்டுட்டேன்” என்றாள்.

எல்லாப் பெட்டியையும் திறந்தோம். எல்லோரும் புடவையை முகத்தில் வைத்து மோந்தோம். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அந்த வாசனைக்குள்ளேயே இருக்கும் மூக்குகள். பொன்னேரி போய்ப் படித்த என் மூக்கு உட்பட! அதுதான் எனக்கு அதிகம் பொறுக்கவில்லை. காலேஜில் மூன்று வருடம் பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்து போனார்கள். ஒருத்திகூடச் சொன்னதில்லை.

முன் சீட்டில் நைனா திரும்பவே இல்லை. அவர் முதுகைப் பார்த்தேன். ‘ஒண்ணு கெடாம’ என்று சொன்ன முதுகு. கூறைப்புடவையில் இறால் மணக்க மணப்பெண் உட்கார்ந்தால், ஹாஸ்டல் என்ன, நான் பஸ்ஸ்டாண்டு தாண்டவே அனுமதி கிடைக்காது.

“பாத்தியாடா?” என்று அத்தை நைனாவை நோக்கித் தொடங்கினாள். “நான் அப்பவே...”

“அத்த, நீயும் மூணு வாட்டி மோந்தே” என்றேன்.

சாலையோரத்தில் ஒரு களம் இருந்தது. நவரைப் பட்டத்து நெல் அறுப்பு முடிந்து, வைக்கோல் போர் போட்டிருந்தார்கள். நல்ல காற்று, கொளுத்தும் வெயில். “எல்லாரும் எறங்குங்க!” என்று கத்தினேன். “பொடவய எல்லாம் விரிங்க. ரெண்டு பேரா புடிங்க. தரையில படக் கூடாது. ஜல்தி!”

இறங்கினார்கள். என் சொல்லுக்கு அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இறங்கியது அதுதான் முதல் தடவை. இரண்டிரண்டு பேராக முனை பிடித்து நின்றார்கள். பச்சையும் நீலமும் வாடாமல்லியும் காற்றில் எழும்பிப் படபடத்தன. வலை இழுத்துப் பழகிய கைகள், ஒரு புடவைகூடத் தரை தொடவில்லை. அண்ணன் ஒரு முனையும் அம்மா ஒரு முனையுமாகக் கூறைப்புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முதலில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அது காற்று மாதிரி வரிசை முழுக்கப் பரவியது. கொஞ்ச நேரத்தில் யாராலும் நேராக நிற்க முடியவில்லை.

சைக்கிளில் போன ஒருவர் இறங்கிவிட்டார். பின்னால் வந்த மொபெட்டும் நின்றது. “அந்தப் பச்சை இன்னா வெலைம்மா?” என்று ஒருவர் கேட்டார். “தள்ளுபடி உண்டா?” என்றார் இன்னொருவர். அத்தை தன் புடவையை ஆட்டிக்கொண்டே, “இது வித்துப்போச்சு, அடுத்த லோடு வருது!” என்றாள். மஜாவாகிவிட்டது அவளுக்கு.

ஆனால் வாசனை போயிற்றா என்று பார்க்க எங்களில் ஒரு மூக்குகூட உதவாது. சித்தியின் மூக்கு ‘எப்பவும் அடிக்கிறதுதானே’ என்று விட்டுவிடும் மூக்கு, நம்ப முடியாது. டிரைவரிடம் போனேன். “அண்ணா, நீங்கதான் பாத்துச் சொல்லணும்.” அவர் பட்டில் உதிராமலிருக்க விபூதியைத் துடைத்துக்கொண்டு, வரிசை முனையிலிருந்து டாக்டர் மாதிரி நடந்து வந்தார். ஒவ்வொரு புடவையிடமும் குனிந்து ஒரு இழுப்பு. “இது போச்சு. இதுவும் போச்சு. இதை இன்னும் கொஞ்சம் ஆட்டுங்க.” அத்தையிடம் வந்தபோது இரண்டு முறை இழுத்து, “உங்களுதுல மீனு போய், காப்பித்தூள் வாசனை வருதும்மா” என்றார். அத்தை பெட்டிக்குள் புடவைக்கு அடியில் காப்பித்தூள் பொட்டலம் ஒளித்து வைத்திருந்தது அப்படித்தான் வெளியே வந்தது.

கூறைப்புடவை முன்னால் வந்ததும் அவர் நின்றுவிட்டார்.

“இதை நான் மோந்து பாக்கக் கூடாது பாப்பா. கல்யாணப் பொண்ணு கட்டப் போற பொடவ. வேற யாரையாவது கூப்புடு.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. களத்துக்குச் சொந்தக்கார அம்மா இதையெல்லாம் வைக்கோல் போரடியில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் பூசிய முகம், கழுத்தில் தாலி. ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். முந்தி, உடல், பார்டர் என்று மூன்று இடத்தில் கண்ணை மூடி மோந்தாள். அத்தனை பேரும் அவள் மூக்கையே பார்த்தோம். நைனாகூட இறங்கி வந்து நின்றார்.

“முந்தியில ஒண்ணும் இல்ல. உள்பக்கம் கொஞ்சூண்டு இருக்குது” என்றாள். “இன்னும் காத்துப் படணும். ஆனா வெயில்ல ரொம்ப வெச்சீங்கன்னா சாயம் போய்டும், பேஜாராப் போவும்.”

வெயில் ஆகாது, காற்று வேண்டும். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் அந்த ஊர் எல்லைக்குப் போக வேண்டும், பெண் வீட்டார் மேளத்தோடு காத்திருப்பார்கள். நைனா என்னைப் பார்த்தார். சொல்ல வேண்டியதை நான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்த மாதிரி இருந்தது.

“எல்லாரும் ஏறுங்க” என்றேன். “பொட்டிங்க இங்கயே இருக்கட்டும். அவங்கவங்க பொடவ அவங்கவங்க மடியில. கூறைப்பொடவ மட்டும் விரிச்சபடியே வரும். ஜன்னல் எல்லாத்தையும் தொறங்க.”

அப்படித்தான் போனோம். கூறைப்புடவையின் ஒரு முனை முன் சீட்டில் நைனாவின் தோளில். அங்கிருந்து அண்ணன் கை, என் கை, அம்மாவின் கை என்று வேனின் நீளத்துக்கும் அரக்கு நிறத்தில் ஓடி, மறுமுனை கடைசி சீட்டில் அத்தையிடம். ஜன்னல் வழியாக அடித்த காற்றில் அது எங்கள் தலைக்கு மேல் பந்தல் மாதிரி உப்பிக்கொண்டே வந்தது. சுங்கச்சாவடியில் இருந்தவர் எட்டிப் பார்த்து, பேசாமல் கேட்டைத் தூக்கினார். கை வலித்தது. யாரும் விடவில்லை. பாட்டு மறுபடி ஆரம்பித்து, ஊர் வருகிறவரை நிற்கவில்லை.

ஊர் வந்ததை எங்கள் மூக்குதான் முதலில் சொன்னது. திடீரென்று ஒரு வாசனை. வாசனை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். சுண்ணாம்பும் ஈரத் தோலும் இன்னும் என்னென்னவோ சேர்ந்து, வேனுக்குள் ஆளாக ஏறி உட்கார்ந்தது. எல்லோர் கையும் மூக்குக்குப் போக, புடவைப் பந்தல் சரிந்தது. அத்தை முந்தானையை வாய்க்குள்ளேயே திணித்துக்கொண்டாள்.

“இன்னாண்ணா இது?” என்று டிரைவரிடம் கேட்டேன்.

“தெரியாதா? தோல் பதப்படுத்தற ஊரும்மா இது” என்றார் அவர். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். “நீங்க பொட்டியோடயே வந்திருக்கலாம்.”

மேளம் கொட்டியது. அண்ணியின் அம்மா ஆரத்தித் தட்டோடு முகமெல்லாம் சிரிப்பாக நின்றிருந்தாள். நாங்கள் அத்தனை பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட இறங்குவதைப் பார்த்து, “பயணத்துல களைச்சுப் போயிட்டீங்க” என்று பரிதாபப்பட்டாள். நான் கூறைப்புடவையை மடித்துத் தாம்பாளத்தில் வைத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முகத்தை அதில் பதித்து, நன்றாக, ஆழமாக ஒரு மூச்சு இழுத்தாள்.

“புதுப் பட்டுன்னா அந்த வாசனையே தனி!” என்றாள்.

நான் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அம்மா குலுங்குவது தெரிந்தது. வளையல்கள் சத்தம் போட்டன. அழுகை என்று நினைத்து யாரோ எங்களுக்குப் பன்னீர் தெளித்தார்கள்.

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நைனாவிடம் போய் நின்றேன். “ஜனம் கொறையல. சாமான் கெடல.”

“பொட்டி?”

“பொட்டி சாமான்ல சேத்தி இல்ல நைனா.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைத் தேய்த்துக்கொண்டார். “இந்த நாத்தத்துல ரெண்டு வருசம் இருப்பியா?”

“ரெண்டு நாள்ல தெரியாமப் போயிரும்.”

“பாக்கலாம்” என்றார். நைனாவின் ‘பாக்கலாம்’ எத்தனை நாள் நீளும் என்று எங்கள் வீட்டில் யாராலும் சொல்ல முடியாது. நான் காத்திருக்கவில்லை. சனிக்கிழமை காலை, பூ வாங்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பினேன். தனியாக அனுப்ப மாட்டேன் என்று அத்தை கூடவே வந்தாள். பூக்கடையைத் தாண்டி நேராக நடந்தபோது எதுவும் கேட்கவில்லை. ஹாஸ்டல் வாசலில் மட்டும், “ஒரு மாசத்துல அழுதுகினு ஓடியாரப் போறே, பாரு” என்றாள்.

விடுமுறை என்பதால் அறைகள் காலியாக இருந்தன. வார்டன் அம்மா ஒரு அறையைத் திறந்து காட்டி, யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்குப் பிடித்த கட்டில் என்றார். நான் கதவோரம் இருந்ததைத் தொட்டேன்.

“அது வேணாம்” என்றாள் அத்தை. ஒவ்வொரு கட்டிலிலும் உட்கார்ந்து, ஆடிப் பார்த்து, கடைசியில் ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் கால் நீட்டிக்கொண்டாள். “இதுல போடு. காத்து வருது.”

இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையை உருவி, பஸ்ஸில் சீட்டுப் பிடிப்பது போல அந்தக் கட்டிலின் தலைமாட்டில் போட்டேன். வார்டன் அம்மா அறை எண்ணுக்குப் பக்கத்தில் என் பெயரை எழுதிக்கொண்டார்.